விலா எலும்புக்குள் ஒரு குட்டி

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்கிறவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஊசியும் தூரிகையுமாகக் கல்லைச் சுரண்டுகிற மனுஷன் கலகலவென்று பேசுவாரா என்ன?

அந்த வருஷம் வந்த பாறையில் ஒரு பெரிய கடல்பல்லி கிடந்தது. எந்த யுகத்திலோ செத்து, கடலடியில் விழுந்து, மீன்கள் வந்து குதறுவதற்குள் சேறு மூடிவிட்டது. தண்ணீரில் கரைந்திருந்த தாதுக்கள் மெல்ல மெல்ல எலும்பில் இறங்கி, எலும்பும் கல்லாயிற்று, சேறும் கல்லாயிற்று. அதன் விலாவுக்குள் இன்னொரு பொடி எலும்புக்கூடு. தன் இனத்துக் குட்டியையே தின்றிருக்கிறது என்று எழுதி, அப்படியே காட்சிக்கு வைக்கச் சொல்லிவிட்டார் ஆய்வுத் தலைவியான மேடம்.

கல்லுளிமங்கனுக்கு மனசு ஆறவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மாதம் பார்த்தார். தின்ற இரை என்றால் எலும்பு அரித்துப்போய்த் தாறுமாறாகக் கிடக்காதா? இது ஒரு கீறல் இல்லாமல் முதுகை வளைத்துச் சுருண்டிருந்தது. இந்தக் கடல்பல்லி முட்டையிடாது, குட்டிதான் போடும். அப்படியானால் இது பிறக்காத குட்டி! சுமந்தவள்மேல் இப்படியொரு பழியா என்று பொறுக்கமாட்டாமல், வலியப் போய் மேடத்திடம் சொன்னார்.

மேடம் லென்ஸில் பார்த்து அசந்துபோனார். அதற்கப்புறம்தான் இடி விழுந்தது. இரை என்றே விட்டிருந்தால் அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். கரு என்றால் சும்மா விடுவார்களா? தனியே பெயர்த்து வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டுமாம்.

“ரெண்டும் சேர்ந்தே இருக்கட்டுமே, மேடம்.”

“என்னண்ணே இது? கண்டுபிடிச்சதே நீங்கதான். சந்தோஷப்பட வேண்டாமா?”

அவர் குட்டியின் வளைந்த முதுகையே பார்த்தார். ஏழாம் மாதத்தில் அவர் மனைவி போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் இருந்ததையும் ஆஸ்பத்திரியில் தனியே எடுத்து, இரண்டு பொட்டலமாகக் கொடுத்தார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு குழி வெட்டினார்கள். சேர்த்தே புதைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாவி மனுஷன். அன்றைக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது வருஷமாக அது நெஞ்சை அறுக்கிறது.

அவர் தயங்குவதைப் பார்த்து, வேறு ஆளைப் போடட்டுமா என்று மேடம் கேட்டார்.

“வேணாம். வேற கை பட்டா நொறுங்கிடும். நானே எடுக்கிறேன்.”

ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு பொடி எலும்புகூட ஒடியவில்லை. பஞ்சு வைத்த பெட்டியில் குட்டி கிளம்பிப் போனது. தாயின் விலாவுக்குள் அதே வளைவில் ஒரு பள்ளம் மிஞ்சியது. பார்க்க அசிங்கமாக இருக்கும், சாந்து பூசி நிரப்பிவிடுங்கள் என்றார்கள். குழைத்தார். கரண்டியில் அள்ளினார். பள்ளத்துக்கு நேராகக் கை நின்றுவிட்டது. சாந்து கரண்டியிலேயே இறுகும்வரை அப்படியே நின்று அழுதார்.