நடிகையின் தங்கை

“இப்போது நான் சாகப்போகிறேன், பாருங்கள்” என்று சொல்லிவிட்டு அவர் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியிலிருந்த ஒரு முதியோர் இல்லத்தின் பொது அறை. வெளியே மழை. தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளைப் படமொன்று ஓடிக்கொண்டிருந்தது. தொப்பி அணிந்த இளம்பெண் ஒருத்தி ரயில் மேடையில் ஓடினாள், சுடப்பட்டாள், படிக்கட்டில் மெல்லச் சரிந்தாள். மற்றக் கிழவர்களும் கிழவிகளும் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, “தலையைத் திருப்பியிருக்கக் கூடாது. இயக்குநர்தான் பிடிவாதமாக நின்றார்” என்றார். திரையிலிருந்த கன்னத்தையும் என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவரின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் பூமிசாத்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த நான், கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஆக்லாந்துக்கு வந்து, மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தேன். என் படிப்பை இங்கே யாரும் கேட்கவில்லை. முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டும் வேலை கிடைத்தது. எங்கள் நான்கு பேருக்குத்தான் விசா வந்தது. என் அக்கா ஊரில் அம்மாவோடு நின்றுவிட்டார். “நீ போய்க் கூப்பிடு, நான் வாறன்” என்றுதான் வழியனுப்பினார்.

இல்லத்தில் எல்லோரும் அவரை ‘ஸ்டார்’ என்று கூப்பிடுவார்கள். அதில் கொஞ்சம் கேலியும் இருந்தது. நான் ‘மேடம்’ என்பேன். குளிப்பாட்டும் நேரத்தில்தான் அவர் தன் கதையைச் சொல்லுவார். நோர்வேயின் வடக்கில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். கரும்பலகையில் நான் எத்தனையோ தடவை வரைந்த, கடல் கிழித்துப்போட்ட அந்தக் கரை. ஏழு வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார். தகப்பனுக்கு மாவு ஆலையில் வேலை. பள்ளிக்கூடத்தில் அவருடைய உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்களாம். வளர்ந்து ஒரு பெரிய கடையில் தொப்பி போட்டுக் காட்டும் வேலைக்குப் போனபோது, யாரோ எடுத்த படம் ஹாலிவுட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே முதலில் அவருடைய பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். பிறகு, கன்னம் ஒடுங்கித் தெரிய வேண்டும் என்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். ஒரு ஆசிரியையை வைத்து நோர்வே உச்சரிப்பை நாக்கிலிருந்து துடைத்தார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு அவருக்குக் கிடைத்த பாத்திரம் ஐரோப்பிய உளவுக்காரி. திரும்பவும் ஒரு உச்சரிப்புத் தேவைப்பட்டது. “என்னுடைய பழைய உச்சரிப்பில் பேசிக் காட்டினேன். அது போதுமான அளவு வெளிநாடாக இல்லையாம். ஒரு ஆங்கிலேயரை வைத்துப் புதிதாகப் பழக்கினார்கள்” என்று சொல்லி அவர் சிரித்தபோது அந்தக் கடைவாய் வெறுமையைக் கண்டேன்.

உளவுக்காரி, தாதி, நாயகன் கைவிட்ட முதல் காதலி. எல்லாப் படத்திலும் கடைசிக்கு முன்னால் செத்துப்போவார். முப்பது தாண்டியதும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சாகிற பாத்திரங்களுக்கும் இளம்பெண்கள் வந்துவிட்டார்கள். கொஞ்ச வருடம் வேலை தேடி அலைந்தபின், மனைவியை இழந்த ஒரு நியூசிலாந்துக் கப்பல் பொறியாளரை மணந்து இங்கே வந்தார். துணிக்கடையில் திரைச்சீலை வெட்டிக் கொடுத்தார். தெருவில் ஒருவரும் அவரை அடையாளம் காணவில்லை. கணவர் இறந்ததும், கணவரின் மகன் வீட்டை விற்றுவிட்டு அவரை இல்லத்தில் சேர்த்தார். மரியாதையான மனிதர்தான். நத்தார்ப் பண்டிகைக்கு வருவார்.

“உங்களுக்குச் சகோதரர்கள் இல்லையா?” என்று ஒருநாள் கேட்டேன். “நான் ஒரே பிள்ளை” என்றார். கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவரிடம் ஆங்கிலம் இல்லை. அறுபது வருடம் பேசிய மொழி மொத்தமாகப் போய், அடியில் கிடந்த நோர்வே மொழி மேலே வந்துவிட்டது. காலையிலிருந்து ஒரே வசனத்தைச் சொல்லுவார். பதில் கேட்கும் தொனியில் முடிப்பார். நாங்கள் தண்ணீர் கொடுத்தோம், போர்வை கொடுத்தோம், கழிப்பறைக்குக் கூட்டிப்போனோம். அவர் கேட்டது அது ஒன்றுமில்லை. எங்கள் முகங்களைப் பார்த்து மறுபடியும் அதையே கேட்பார். கடைசியில் அழுவார். நடிகையின் அழுகை இல்லை அது. மூக்கு ஒழுக அழுகிற சின்னப் பிள்ளையின் அழுகை.

அதே மாதங்களில்தான், யாழ்ப்பாணத்தில் சண்டை நெருங்க, எங்கள் ஊர்ச் சனம் முழுவதும் வீடுகளை விட்டு நடந்தது. அக்காவும் அம்மாவும் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை. தொலைபேசி இல்லை. வேலைக்குப் போனால் அந்தக் கேள்வி, வீட்டுக்கு வந்தால் என் கேள்வி.

யாராவது அவர் மொழி தெரிந்தவர் வேண்டும் என்று நான் போகிற வருகிற இடமெல்லாம் விசாரித்தேன். ஒடாஹுஹுவில் மீன்கடை வைத்திருந்த ஒருவர், தன் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற நோர்வே மாலுமியைப் பற்றிச் சொன்னார். மாலுமி ஒரு ஞாயிறு பின்னேரம், சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி வந்தார். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு ஒரு வார்த்தை பேசினார். நடிகை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிறுத்தவேயில்லை. பேசப் பேச மாலுமியின் முகம் மாறிக்கொண்டே போனது.

“என்ன கேட்கிறார்?” என்றேன்.

“தங்கை வந்துவிட்டாளா என்று கேட்கிறார்.”

மெதுவாகத்தான் சொல்லி முடித்தார். கப்பல் ஏறும் நாளில் வைத்தியர் தங்கையின் கண்ணைப் பார்த்தாராம். கண்நோய், ஏற்ற முடியாது என்றாராம். ஐந்து வயதுப் பிள்ளை. மற்றவர்களின் பயணத்தை நிறுத்த முடியவில்லை. சித்தியின் கையில் ஒப்படைத்து, பிறகு கூப்பிடுகிறோம் என்றார்களாம். “தங்கையின் கையை நான் விடவில்லை. அம்மாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள் என்கிறார்” என்றார் மாலுமி. பிறகு அந்தத் தங்கைக்கு என்ன ஆனது என்பதை நடிகை சொல்லவில்லை. கணவரின் மகனுக்கும் தங்கை ஒருத்தி இருந்ததே தெரியாது.

நடிகை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். மாலுமி என்னைப் பார்த்தார். அவர் குனிந்து, மிக மென்மையாக ஏதோ சொன்னார். தங்கை வந்துவிட்டாள் என்று சொன்னதாகப் பிறகு சொன்னார். நடிகையின் முகம் வெளித்தது. தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். வாசலில் ஆளில்லை. என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, போய்விட்டது என்று நாங்கள் நினைத்திருந்த ஆங்கிலத்தில், தெளிவாகச் சொன்னார்: “இது அவள் இல்லை.”

அதற்குப் பிறகு அவர் எந்த மொழியிலும் பேசவில்லை. ஊட்டினால் வாயை மூடிக்கொண்டார். சில நாட்களில் இறந்துபோனார். திரையில் அத்தனை தடவை அழகாகச் செத்தவர், உண்மையில் வாய் கோணி, ஒரு கண் திறந்தபடி கிடந்தார். நான்தான் அந்தக் கண்ணை மூடினேன்.

சவச் சடங்கில் நாங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கினோம். கணவரின் மகன் படக் கம்பெனி கொடுத்த பெயரைச் சொல்லி, ஒரே பிள்ளையாகப் பிறந்தவர் என்று பேசினார். வேறு அவருக்கு என்ன தெரியும்? வெளியே பஸ் நிறுத்தத்தில் மாலுமி என்னிடம், “நான் பொய் சொன்னது பிழையா?” என்று கேட்டார். “தெரியேல்லை” என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையசைத்தார்.

அக்கா உயிரோடு இருந்தார். அம்மா வழியிலேயே போய்விட்டார். விசாவுக்கு அலைந்து அலைந்து, தொண்ணூறுகள் முடிகிற சமயம்தான் அக்காவைக் கூப்பிட முடிந்தது. ஆக்லாந்து விமான நிலையத்தில் கம்பியைப் பிடித்தபடி, வெளியே வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீலச் சேலை, நீளப் பின்னல், வாய் நிறையச் சிரிப்பு. நான் விட்டுவந்த அக்காவைத் தேடினேன். நரைத்து மெலிந்த ஒரு பெண் தள்ளுவண்டியோடு என் முன்னால் வந்து நின்றார். வழி விடுவதற்காக நான் ஒதுங்கினேன்.

அவர் நகரவில்லை.

“என்னைத் தெரியேல்லையோடி?” என்றார்.