பிறை தெரியுமுன் வாங்கிய தயிர்

நாளைக்குப் பெருநாளா, இன்னும் ஒரு நோன்பா என்று தெரியாத பின்னேரம் மச்சானின் தயிர்க் கடைக்குப் போனேன்.

எவ்வளவு சரக்கு எடுத்தால் தட்டுப்பாடும் வராது, வீணும் போகாது என்று கணக்குப் போடும் கணித மாதிரி ஒன்று என் போனில் இருக்கிறது. அது முதலில் பெருநாள் திகதியைக் கேட்டது.

"பிறை கண்டாத்தானே மச்சான் பெருநாள்? அதுக்கிட்ட சொல்லுங்க," என்றார் கடைக்கார மச்சான்.

சொல்ல அதில் இடமில்லை. 'நாளை' என்று நானே போட்டேன். பெருநாள் விற்பனைக்கு லொறி நிறையத் தயிர் எடுக்கச் சொன்னது.

"ஒங்கள நம்பித்தான் எடுக்கிறன். புளிச்சிப் போனா?"

"ஓம், நான் பொறுப்பு."

இப்போது ஊரே கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து நிற்கிறது. வயல்களுக்கு மேலே வானம் ஆடை படர்ந்த பால் போலக் கிடக்கிறது. மேகம் விலகுவது போலவும் இருக்கிறது, விலகாதது போலவும் இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே என்னை மறந்துபோனேன்.

மச்சான் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்க்கிறார்.

பிறை தெரிந்தால் எல்லாருக்கும் ஈத் முபாரக்.

தெரியாவிட்டால் நாளைக்கு நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மோர்தான். எத்தனை பேர் வருவீர்கள் என்று கீழே சொல்லுங்கள், கணக்குப் போட வேண்டும்.