சிங்கம் நண்டான ஞாயிறு

தையற்கடைக் கோட்டுக்காரர் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் சிங்கம் வந்துவிடும். பிறந்தது ஆகஸ்ட் பத்து. இருபத்து இரண்டாம் வயதில், பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் அந்தத் தேதிக்காரர்கள் சிம்ம ராசி என்று படித்தார். 'தலைமை தாங்குவார்கள், தலை குனிய மாட்டார்கள்' என்று போட்டிருந்தது. அதற்கு முன்பு அவர் எப்படிப்பட்டவராக இருந்தார் என்பது வீட்டில் யாருக்கும் சரியாக நினைவில்லை. அடக்கமான பையன் என்று ஒரு பழைய வாடிக்கையாளர் சொல்வதுண்டு. ஆனால் அந்த வாடிக்கையாளருக்கு ஞாபக மறதி அதிகம்.

சந்திரன் நின்ற இடத்தை வைத்து ராசி சொல்பவர்களுக்கு அந்த ராசிபலன் பத்தி பொருட்டே இல்லை. பிறந்த தேதியை மட்டும் கொண்டு சூரியன் எந்த ராசியில் இருந்தது என்று பார்ப்பது அது. கோட்டுக்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவதைவிட, தன்னைப் பற்றி யாராவது முடிவாகச் சொல்லிவிட்டால் தேவலை என்றே அதிகம் விரும்புகிறான். அவருக்கு வாரம் ஒரு முறை சொல்லப்பட்டது.

தொழிலில் அவர் கெட்டிக்காரர்தான். தோள் எப்படி இறங்குகிறது, வலது கை இடது கையைவிட எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஆள் வாசற்படி ஏறும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். கோட்டு மட்டும்தான் தைப்பார். பேண்ட் தைப்பது அவருடைய தம்பி. ஒரு காலத்தில் ஒரே கடை, ஒரே பலகை. இப்போது நடுவில் சுவர். சுவரில் இருந்த கதவை மறைத்து இந்தப் பக்கம் ஒரு அலமாரி, அந்தப் பக்கம் ஒரு ஆளுயரக் கண்ணாடி. முழு உடுப்பு வேண்டும் என்பவர்கள் துணியைச் சுமந்துகொண்டு இரண்டு படி ஏறி இறங்க வேண்டும்.

பதினோரு வருடமாக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. காரணம் ஓர் அங்குலம்.

கோட்டுக்காரருடைய அளவு நாடாவின் முனைத் தகடு என்றோ கழன்று விழுந்தது. நுனி நைந்துபோகவே முதல் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டார். அதனால் அந்த நாடா ஒன்றிலிருந்து தொடங்கும். அளந்து வரும் எண்ணில் அவர் மனதுக்குள்ளேயே ஒன்றைக் கழித்துவிடுவார். புதிய நாடா வாங்கச் சொன்னால், "பழகினதை மாத்துறது நம்ம ராசிக்கு ஆகாது" என்பார். ஒரு நாள் தம்பி கடையில் இல்லாதபோது வந்த வங்கி மேலாளருக்கு இவரே கால் நீளம் அளந்து, நாற்பது என்று சீட்டில் எழுதி வைத்தார். தம்பி வந்து பார்த்தார். அண்ணனுடைய நாடா ஓர் அங்குலம் அதிகமாகக் காட்டும் என்பது அவருக்கும் தெரியும். பொறுப்பாக ஒன்றைக் கழித்து முப்பத்தொன்பது வெட்டினார். மேலாளர் அந்தப் பேண்ட்டோடு வங்கி விழா மேடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தபோது காலுறை தெரிந்தது, காலுறைக்கு மேலேயும் கொஞ்சம் தெரிந்தது.

"குறைச்சாச்சுன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?" என்றார் தம்பி.

"குறைச்சாச்சான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார் அண்ணன்.

கேள்வி இரண்டும் நியாயமானவை. அதனால்தான் பதினோரு வருடம் ஓடியது. ஒருவர் தப்பு செய்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டுவந்த மனைவி பாத்திரத்தைத் திறக்காமலே சொன்னாள்: "உங்க தம்பி கடையைக் காலி பண்றாராம். மருமகன் ஊர்ல இடம் பார்த்தாச்சாம். இன்னும் பன்னிரண்டு நாள்தான்."

கோட்டுக்காரர் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றது.

"போகட்டுமே."

"போகட்டும்னா ஏன் துணியோட சேர்த்து சட்டையையும் தைக்கிறீங்க?"

குனிந்து பார்த்தார். அவர் சட்டையின் கைப்பட்டி கோட்டோடு சேர்ந்திருந்தது.

"ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன். ஏழு அடி தூரம். நடக்க முடியலைன்னா சொல்லுங்க, ஆட்டோ பிடிச்சுத் தரேன்."

"நான் யார்கிட்டயும் போய் நிக்கிற ஆள் இல்ல. அது என் பிறப்புலயே கிடையாது. வந்தவனை விரட்டுற ஆளும் இல்ல. அவன் வரட்டும்."

இந்த நான்கு வாக்கியங்களும் அவளுக்கு மனப்பாடம். கேட்டுக்கொண்டே அவள் சோற்றைப் போட்டாள்.

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அலமாரிக்குப் பின்னால் தம்பியின் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் எப்போதும் கேட்கும். அது நின்றால், தம்பி டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று அர்த்தம். பதினோரு வருடமாக அந்தச் சத்தத்தோடுதான் அவர் வேலை செய்துவந்திருக்கிறார். அது இல்லாமல் ஒரு கோட்டு எப்படி முடியும் என்று யோசித்தார். யோசனையைச் சிங்கம் தடுத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பைப் பிரித்தவர் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தார். பத்தியின் மேலே கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு. இதுவரை வெளிவந்த தேதிகள் பருவத்தைக் கொண்டு கணிக்கும் சாயன முறைப்படி அமைந்தவை, இனிமேல் நட்சத்திரங்களைக் கொண்டு கணிக்கும் நிராயன முறைப்படி வெளிவரும் என்று. கீழே புதிய தேதிகள். ஆகஸ்ட் பத்து கடகத்தில் இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு நண்டின் படம்.

திங்கட்கிழமை, கோட்டு அளவு சரியா என்று போட்டுப் பார்க்க வந்த புவியியல் டீச்சரிடம் அதைக் காட்டினார். டீச்சரின் தோள்பட்டையில் குண்டூசிகள்.

"நானும் பார்த்தேன். முந்தாநாள் வரைக்கும் மீனம், இப்ப கும்பம். தலைவலி மட்டும் அதேதான்" என்றார் டீச்சர்.

"ஒரு பத்திரிகை இஷ்டத்துக்கு மாத்திட முடியுமா டீச்சர்? வானத்துல இருக்கிறதை?"

"வானத்துல யாரும் எதையும் மாத்தல. உங்க நாடாவைக் கொடுங்க." கோட்டுக்காரர் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். "சூரியன் வருஷத்துல சுத்தி வர்ற பாதை ஒரு வட்டம். அதைப் பன்னிரண்டு சம பங்கா வெட்டியாச்சு. ஆனா வட்டத்துக்கு முனை ஏது? எங்கேயாவது நாடாவை வெச்சுத்தானே ஆகணும். மார்ச் மாசத்துல பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற நாள்ல சூரியன் நிக்கிற இடத்துல வைக்கிறது ஒரு கட்சி. அது சாயனம். நட்சத்திரத்துக்கு நடுவுல அசையாத ஒரு இடத்துல வைக்கிறது இன்னொரு கட்சி. அது நிராயனம். ரொம்பக் காலம் முன்னாடி ரெண்டு முனையும் ஒரே இடத்துலதான் இருந்துச்சு."

"அப்புறம் யார் நகத்தினது?"

"பூமிதான். தளர்ந்துபோன பம்பரம் மாதிரி அதோட அச்சு மெதுவாத் தள்ளாடுது. அதனால அந்த மார்ச் முனை எழுபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு பாகை நழுவுது. இப்ப இருபத்து நாலு பாகை வித்தியாசம். நாள் கணக்குல சொன்னா மூணரை வாரம்."

"அப்ப எதுதான் சரி?"

"ரெண்டும் சரியாத்தான் அளக்குது. எந்த முனையிலேருந்து பிடிச்சோம்னு சொல்லிட்டா போதும், குழப்பம் இல்ல." டீச்சர் நாடாவைத் திருப்பிக் கொடுக்கப் போய் நின்றார். "இது என்ன, ஒண்ணுலேருந்து ஆரம்பிக்குது?"

கோட்டுக்காரர் நாடாவை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு குண்டூசியைத் தப்பான இடத்தில் குத்தினார்.

மூன்று நாள் அவர் நண்டாக இருந்து பார்த்தார். ஆச்சரியம் என்னவென்றால், பொருந்தியது. 'குடும்பப் பாசம் மிக்கவர்கள், பழையதை விட மாட்டார்கள், மேலே ஓடு, உள்ளே மென்மை' என்று எழுதியிருந்தது. நாடாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பழையதை விடாதவன். முப்பது வருடம் சிங்கத்துக்குப் பொருந்திய அதே நாடா இப்போது நண்டுக்கும் சுருக்கம் விழாமல் பொருந்தியது. இதிலிருந்து வேறு யாராவது வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள். அவர் வந்த முடிவு, நண்டு தம்பியைப் பார்க்கப் போகலாம் என்பது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"பக்கத்துல."

"சிங்கம்?"

"அது அச்சுப் பிழைடி."

தம்பி கடை வாசலில் இஸ்திரி மேசை பாதி வழியை அடைத்திருந்தது. கோட்டுக்காரர் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனார். உள்ளே பாதிச் சாமான் அட்டைப்பெட்டிகளில் ஏறியிருந்தது. ஆளுயரக் கண்ணாடியின் ஓரத்தில் பத்திரிகைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. தம்பி பிறந்தது செப்டம்பர் ஐந்து. முப்பது வருடம் கன்னி ராசியாக, குனிந்த தலை நிமிராமல், பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர். நிராயனக் கணக்கில் செப்டம்பர் ஐந்து சிம்மம்.

தம்பி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மோவாய் சற்று மேலே இருந்தது.

"வாங்கண்ணே. உக்காருங்க."

உட்கார இருந்தது ஒரு முக்காலி. கோட்டுக்காரர் உட்கார்ந்தார்.

"நான் யார்கிட்டயும் போய் நிக்கிற ஆள் இல்லண்ணே," என்றார் தம்பி. "ஆனா வந்தவங்களை விரட்டுற ஆளும் இல்ல."

கோட்டுக்காரருக்குக் காது சூடானது. சொல் மாறாமல் அவருடையதேதான். சுவருக்கு அந்தப் பக்கம் இதெல்லாம் கேட்டிருக்கிறது. பலகை ஒன்றாக இருந்த காலத்தில் பக்கத்திலேயே கேட்டிருக்கிறது. இந்தக் குரலுக்கு எதிரே இத்தனை வருடம் ஒருவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பதினோரு வருஷம் ஆச்சு. போகட்டும்." தம்பி கையை மெதுவாக உயர்த்தினார். "நடந்ததை நான் மன்னிச்சுட்டேன்."

மன்னிக்க நான் என்னடா பண்ணேன், ரெண்டாவது தடவை குறைச்சது நீதானே என்ற வாக்கியம் கோட்டுக்காரரின் தொண்டை வரை வந்தது. அது வெளியே வந்தால் அட்டைப்பெட்டிகள் கட்டப்பட்டுவிடும். வராவிட்டால், செய்யாத குற்றத்துக்கு மன்னிக்கப்பட்டவனாக மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும். அவர் தம்பியைப் பார்த்தார். அந்த மோவாயை அவ்வளவு உயரத்தில் பிடித்துப் பழக்கமில்லை. கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

"சரிடா," என்றார்.

தம்பி உயர்த்திய கையை எங்கே வைப்பதென்று பார்த்தார். சிங்கம் இத்துடன் முடிந்துவிட்டது போலிருந்தது.

கோட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "டீச்சர் கோட்டுக்குச் சேர்ந்தாப்ல பேண்ட்டும் வேணுமாம். நீளம் முப்பத்தேழு. என் நாடாவுலதான் அளந்தேன்." நிறுத்தி, "குறைச்சாச்சு" என்றார்.

"குறைச்சாச்சா?"

"குறைச்சாச்சு."

தம்பி சீட்டை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, முப்பத்தேழுக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையையும் எழுதிக்கொண்டார். மோவாய் இறங்கியிருந்தது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் மறுபடியும் கட்டம் கட்டிய அறிவிப்பு. வாசகர்களின் வேண்டுகோளுக்கு இணங்கப் பழைய முறையே தொடரும் என்றது. சிங்கமாகவும் தராசாகவும் வாழ்ந்து பழகியவர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியிருந்தார்களாம். ஆகஸ்ட் பத்து மறுபடியும் சிம்மம். செப்டம்பர் ஐந்து மறுபடியும் கன்னி.

கோட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அந்தத் தாளைப் பலகையில் விரித்து, சாக்குக் கட்டியால் கோட்டுக் கையின் அளவை வரைந்து, நண்டையும் சிங்கத்தையும் ஊடறுத்து வெட்டினார். கோட்டு வெட்டுவதற்கு முன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் அதற்குப் பழைய பத்திரிகைகள் மூலையில் ஒரு கட்டு கிடந்தன.

"இந்த வாரம் என்ன போட்டிருக்கான்?" என்றாள் மனைவி.

"பேப்பர் வரல."

அவள் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஆமா, வரல" என்றாள்.

டீச்சரின் கோட்டுத் துணியில் மீந்த துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். இடுப்புப் பட்டிக்கு ஆகும். தம்பி பலகையில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டிகள் அப்படியே இருந்தன. இடம் மாறுவது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருப்பதாக முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். மருமகனுக்கு என்னவோ அவசரமில்லையாம். கண்ணாடியின் ஓரத்தில் அந்தத் துண்டு இன்னும் ஒட்டியிருந்தது.

"உனக்குப் பேப்பர் வந்துச்சாடா?"

"வரலண்ணே. உங்களுக்கு?"

"எனக்கும் வரல."

தம்பியின் கையிலிருந்த இடுப்புப் பட்டிக் காகிதத்தில் 'வேண்டுகோளுக்கு இணங்கப் பழைய' என்பது வரை தெரிந்தது. மீதி, கத்திரிக்கோலுக்கு அந்தப் பக்கம் சுருண்டு கிடந்தது. கோட்டுக்காரர் துண்டுத் துணியை அதன் மேல் வைத்தார்.

"அகலம் ரெண்டு போதுமா?" என்றார் தம்பி.

"எந்த நாடாவுல?"