கொதித்த மோர்

செல்லம்மாவை அறிந்தவர்களுக்கு எழுதுகிறேன். வரிசை போட்டுக்கொள்ளாவிட்டால் தடுமாறிவிடுவேன், ஆகவே:

1. செய்தி வந்தது.
2. நான் மோரைக் கொதிக்கவைத்தது.
3. செல்லம்மா என் உத்தரவை மீறியது.
4. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

தம்போய் ஊரிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா காலையில போய்ட்டாங்க மாமா. உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாங்க." எனக்கு ஏன் அந்த முதலிடம் என்று யோசித்தபடிதான் இதை எழுதத் தொடங்கினேன்.

ஜப்பான்காரர் காலத்தில், சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரஸ்ஸராக இருந்தேன். அவர் வார்டு ஆயா. மருந்து தீர்ந்துவிட்டது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று மெலிந்தவர்கள் சீதபேதியோடு வந்து படுத்தார்கள். செல்லம்மாவின் கணவர் கருப்பையாவும் அவர்களில் ஒருவர். ஆட்டுப்பாலைத் தோய்த்து, மோராக்கி, உப்பிட்டு எல்லோருக்கும் கொடுத்துவந்தார் செல்லம்மா.

வார்டுக்குள் போவது எதுவானாலும் கொதித்திருக்க வேண்டும் என்று ஜப்பானிய அதிகாரியின் உத்தரவு வந்தது. தண்ணீரை மட்டும் சொன்னாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. மோரையும் கொதிக்கவைக்கச் சொன்னேன். அது நீரும் கட்டியுமாகத் திரிந்தது.

"கொதிச்ச மோருல என்னங்கய்யா உயிரு இருக்கும்?" என்றார் செல்லம்மா.

"பேசாம இரு புள்ள. நாளைக்கு நம்மளையும் கொதிக்க வச்சிருவாரு" என்றார் கருப்பையா. வார்டே சிரித்தது.

மோரிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் குடலின் உட்சுவரைக் காக்க உதவக்கூடும், அதன் செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளராமலும் கெட்ட கிருமி ஒட்டாமலும் தடுக்கக்கூடும் என்று பிற்காலத்தில் படித்தேன். சீதபேதியை மோர் ஆற்றும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்த உயிர்களைத்தான் நான் அடுப்பில் கொன்றேன் என்பது மட்டும் தெரியும்.

உத்தரவு வந்த ஐந்தாம் நாள் கருப்பையாவால் தலையைத் தூக்க முடியவில்லை. செல்லம்மா அவருக்குக் கொதிக்காத மோரைப் புகட்டினார். பார்வையிட வந்த அதிகாரி சட்டியை முகர்ந்துவிட்டு, யார் வேலை என்று கேட்டார்.

"நாந்தான்" என்றார் செல்லம்மா. கன்னத்தில் அறை விழுந்தது. நான் நிமிரவில்லை. 'ஆயா உத்தரவை மீறினாள்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

கருப்பையா பிழைத்தார். மோராலா, உப்பாலா, தானாகவா, அறியேன். செல்லம்மா அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'நாந்தான்' என்ற அந்த ஒரு சொல்.

மேலே மூன்றாவதாக, அவர் என் உத்தரவை மீறியதாக எழுதியது தவறு. இத்தனை காலம் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். அந்த ஐந்தாம் நாள் காலை அவர் மருந்தறை வாசலில் வந்து நின்று, "கொதிக்க வைக்காமயே குடுத்துரட்டுங்களா ஐயா?" என்று கேட்டார். நான் சரி என்று தலையசைத்தேன்.