மூன்றாவது முழுக்கு

சனிக்கிழமை, காலை 8.20. கண்டியிலிருந்து வந்த பஸ் எங்களை ஹட்டனில் இறக்கிவிட்டபோது எனக்கு இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் முதல்நாள் இரவு ஏறியவர்கள் நாங்கள். கண்டியில் பால் விடாத ஒரு பிளேன்ரீ குடிக்க மட்டும் இறங்கினோம். கண்டியிலிருந்து ஹட்டனுக்கு ஆளுக்கு 330 ரூபாய், மூன்று மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. வளைவுகளை எண்ணத் தொடங்கி, நாவலப்பிட்டியோடு கைவிட்டேன். எங்கள் ஊரில் தெரு என்றால் நேராகப் போகும். வளைந்தால் யாரோ வேலியைத் தெருப்பக்கம் அரக்கிவிட்டார் என்று அர்த்தம்.

இவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செய்த முதல் வேலை குடையை விரித்தது. இவர் என்றால் என் கணவர், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஏன் குடை என்று கேட்டேன். மலைநாட்டு வானத்தை நம்பேலாது என்றார். மனுசன் எதைத்தான் நம்பியிருக்கிறார்?

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். ஆற்றின் இளமைப் பருவம், முதுமைப் பருவம், கழிமுகம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போன தவணை பத்தாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை எழுந்து, ரீச்சர் எப்போதாவது ஆற்றில் இறங்கிக் குளித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்க என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே இருக்கிறது? மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை ஆறு என்று சொன்னால் மற்ற ஆறுகள் கோபிக்கும். கடலில் குளித்திருக்கிறேன், கேணியில் குளித்திருக்கிறேன், கிணற்றடியில் பிறந்ததிலிருந்து குளிக்கிறேன். ஓடுகிற நல்ல தண்ணீரில் மட்டும் ஒருநாளும் இல்லை. வருகிற வருடம் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் ஓர் ஆற்றில் இறங்கி, முறையாக மூன்று முழுக்குப் போட்டுவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

இவருக்குத் தண்ணீர் என்றால் எட்டடி தள்ளித்தான். கசூரினாக் கடற்கரையானாலும் நிலாவெளியானாலும், நான் இறங்கினால் இவர் என் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு கரையில் நிற்பார். கலியாணம் கட்டி முப்பத்தொரு வருடத்தில் கணுக்காலுக்கு மேலே நனைந்ததில்லை. பயந்தாங்கொள்ளி என்று இவருக்கு நேரேயே சொல்லுவேன். கோபிக்கமாட்டார்.

காலை 9.00. பஸ் நிலையத்தில் தங்கராசுவின் ஓட்டோவைப் பிடித்தோம். நாற்பது வயதிருக்கும், வீடு அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. மூன்று நாளுக்குப் பன்னிரண்டாயிரம், தன் வீட்டிலேயே தங்கலாம், சாப்பாடு மனைவி கையால் என்றார். விலை பேசிவிட்டு, நான் பேரப்பிள்ளையின் உதவியோடு போனில் எழுதிவைத்திருந்த இடங்களின் பட்டியலை வாசித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பாக்குறதுக்குன்னா இதெல்லாம் நல்ல எடந்தாங்க டீச்சரம்மா. குளிக்கிறதுக்குன்னா நம்ம லயத்துக்குக் கீழயே ஆறு போகுதுங்க."

வந்த இடத்தில் ஓட்டோக்காரர் என்ன என் பட்டியலைத் திருத்துவது என்று எனக்கு ஒரு எரிச்சல். முதலில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு விடச் சொன்னேன்.

காலை 10.00. ஹட்டனிலிருந்து பத்துக் கிலோமீற்றர். அழகைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மலைகள் எல்லாம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. ஆனால் இது ஆறல்ல, அணைபோட்டு மறித்த தண்ணீர். குளிக்கத் தடை என்று மூன்று மொழியிலும் பலகை வேறு. கிட்டப் போய்க் காலையாவது நனைப்போம் என்று புல்லுக்குள் இறங்கினேன். திரும்பி ஏறியபோது வலது காலில் இரண்டு அட்டை, இடது காலில் ஒன்று. இவர் கைப்பையிலிருந்து கடதாசியில் மடித்த உப்புச் சரை ஒன்றை எடுத்துத் தூவினார். உப்பு எங்கிருந்து வந்தது? உரும்பிராயிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்!

பிற்பகல் 1.40. டெவன் நீர்வீழ்ச்சி. தலவாக்கலை வீதியில் வாகனத்தை ஓரங்கட்டி, எதிர்மலையில் விழுவதைப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த குடும்பங்கள் வரிசையில் நின்று படம் எடுத்தன. அவித்த சோளம் ஒன்று 150 ரூபாய். சூடாக, நல்ல பதம். தண்ணீருக்கும் எனக்கும் நடுவே ஒரு பெரும் பள்ளத்தாக்கு. சோளத்தைக் கடித்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகை வராத குறை. பட்டியலில் மிச்சம் இருந்தவையும் இப்படித்தானோ என்று கேட்டேன். தங்கராசு வீதியைப் பார்த்துக்கொண்டு, ஏறக்குறைய இப்படித்தான் என்றார். அதற்குமேல் ஒரு சொல் சொல்லிக்காட்டவில்லை. நல்ல மனிதர்.

மாலை 5.10. தலவாக்கலை, லிந்துலை தாண்டி அக்கரப்பத்தனை. அங்கிருந்து கல்லும் குழியுமாக நாலு கிலோமீற்றர். தங்கராசுவின் வீடு லயத்தின் கடைசி வீடு என்பதால் பக்கத்தில் இன்னொரு அறை இறக்கிக் கட்டியிருந்தார்கள். அதை எங்களுக்குத் தந்தார்கள். அவருடைய மனைவி லெட்சுமி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். வேலை முடிந்து வந்த கையோடு ரொட்டி தட்டி, உறைப்பாக ஒரு சம்பல் இடித்துத் தந்தாள். யாழ்ப்பாணத்து உறைப்பைப் பற்றி நான் அளந்த பெருமையெல்லாம் முதல் வாயிலேயே அடங்கிப்போயிற்று. லயத்துக்குக் கீழே ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. அதுதான் ஆக்ரா ஓயா என்றாள் லெட்சுமி. நாளைக்கு ஞாயிறு, வேலை இல்லை, பெண்கள் எல்லோரும் துணி துவைக்கப் போவோம், நீங்களும் வாருங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.30. தேயிலைக்கு நடுவே செங்குத்தாக இறங்குகிற ஒற்றையடிப் பாதை. முன்னூறு மீற்றர் இருக்கும். எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. பெண்கள் குளிக்கிற இடம் என்பதால் இவர் கரைவரை வரவில்லை. ஆற்றுக்குச் சற்று மேலே பாதையோரம் ஒரு பாறையில், எங்களுக்கு முதுகைக் காட்டி, மேலே மலையைப் பார்த்தபடி குடையோடு உட்கார்ந்துகொண்டார்.

ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். இறங்குவதற்கு முன் லெட்சுமி ஓர் உருண்டைக் கல்லை எடுத்து, தண்ணீர் விளிம்பில் பார்த்துப் பார்த்து வைத்தாள். மற்றவர்களும் அதை ஒருதரம் பார்த்துவிட்டே இறங்கினார்கள். வருகிற வழியில் மரத்தடிக் கல்லுக்கெல்லாம் மஞ்சளும் குங்குமமும் கண்டிருந்தேன். சரி, இது ஆற்றுச் சாமி என்று விளங்கிக்கொண்டேன். கரையில் பூத்திருந்த மஞ்சள் காட்டுப்பூ ஒன்றைப் பறித்துக் கல்லின்மேல் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் பக்தியை மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன்.

மார்புக்கு மேலே துணியைச் சுற்றி முடிந்த குறுக்குக்கட்டோடு இறங்கினேன். அப்பப்பா, என்ன குளிர்! பல்லோடு பல் அடித்தது. முழங்கால் அளவில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு முதல் முழுக்குப் போட்டேன். கிணற்றுத் தண்ணீர் நாம் அள்ளி ஊற்றினால்தான் மேலே விழும். இதுவோ என் முதுகைச் சுற்றி, கைக்குக் கீழால், என்னைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தது. எழும்பியபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோசம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. பெண்களும் சிரித்தார்கள். கல்லில் எப்படி ஒட்டி உட்காருவது என்று காட்டித்தந்தார்கள். நான் வழுக்கி விழப்போன போதெல்லாம் துவைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

இரண்டாவது முழுக்குக்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. பதினொன்றே முக்கால் இருக்கும், இவர் மேலேயிருந்து கூப்பிட்டார். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது, நீர் கரையேறும் என்றார். அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே நல்ல நீல வானம், முதுகில் வெயில். இவருடைய வழக்கமான பயம் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெண்களும் துணிகளை அள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக ஏறினார்கள். துவைத்து முடிந்தது போலும் என்று நினைத்தேன். விளிம்பில் இருந்த கல்லைக் காணவில்லை. என் பூ மட்டும் மிதந்து போனது. சாமி பூவை ஏற்றுக்கொண்டது என்று மனம் நிறைந்து, மூன்றாவது முழுக்குக்குப் பாறையைப் பிடித்தேன்.

"டீச்சர், ஏறுங்க. போதும், ஏறுங்க" என்றாள் லெட்சுமி. குரல் மாறியிருந்தது. இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று ஒரு விரலைக் காட்டினேன்.

அந்த விரலை மடக்குவதற்குள் தண்ணீர் பிளேன்ரீ நிறத்துக்கு மாறிவிட்டது. சருகும் குச்சியும் நுரையுமாக வந்து முழங்காலில் மோதின. முழங்காலில் நின்றது இடுப்புக்கு வந்தது. காலுக்குக் கீழே கல் நழுவியது. அப்போதுதான் கண்டேன். இவர் சேர்ட்டோடும் காற்சட்டையோடும், சப்பாத்துக்கூடக் கழற்றாமல், லெட்சுமி நீட்டிய ஈரச்சேலையின் முனையை ஒரு கையில் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வந்துகொண்டிருந்தார். என் மேற்கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் கன்றிய நீலம் ஒரு கிழமைக்கு இருந்தது. சேலையின் மறுமுனையைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். இரண்டு பேரும் கரையில் வந்து விழுந்தோம். பத்து நிமிடத்தில், துணி துவைத்த பாறை இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் தலைக்குமேல் அப்போதும் வெயில்தான்.

பயத்தில் இவர்மேலேயே பாய்ந்தேன். நீந்தத் தெரியாத மனுசன் என்ன துணிவில் இறங்கினீங்கள் என்று கேட்டேன்.

இவர் சப்பாத்திலிருந்து தண்ணீரைக் கவிழ்த்தார். "உமக்கும் நீந்தத் தெரியாதெண்டு எனக்குத் தெரியுமப்பா. நீர் அங்கை நிக்க, நான் இஞ்சை நிண்டு என்ன செய்யிறது?"

என் துவாயை எடுத்து இவருடைய தலையைத் துவட்டினேன். இது அடிக்கடி நடப்பதில்லை.

லெட்சுமிதான் தயங்கித் தயங்கி அந்தக் கல்லின் விசயத்தைச் சொன்னாள்.

"அது சாமி இல்லைங்க டீச்சர். தண்ணி ஏறுதான்னு பாக்க வைக்கிற கல்லு. மேல மலையில மழை பேஞ்சா இங்க வெயிலடிச்சாலும் தண்ணி வந்துரும். கல்லு முழுகுனா நாங்க ஏறிருவோம். நீங்க பூ வச்சுக் கும்பிட்டீங்க, அப்புறம் எப்பிடிங்க சொல்றது?"

எனக்கே சிரிப்பு வந்தது. நான் சிரித்ததும் அவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீரேந்துபரப்பு! மேலே விழும் மழை கீழே ஆறாகும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படம் கீறியவள் நான். ஆனால் எங்கள் ஊரில் மழை தலையில் விழுந்தால்தான் மழை. படம் கீறிய கை மலைநாட்டில் இருந்தாலும், வானத்தைப் பார்த்த கண் உரும்பிராயிலேயே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை, காலை 7.30. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். லெட்சுமி கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரு பை தேயிலைத் தூளைக் கையில் திணித்தாள். காசு கொடுக்கப்போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வடிந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஓர் ஆசையும் இல்லை. இரண்டு முழுக்குப் போதும், மூன்றாவதை ஆறே வைத்துக்கொள்ளட்டும் என்று பையைக் கட்டினேன்.

இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "நேற்று நான் குளிக்கேல்லை. உம்மைப் பிடிக்கத்தான் இறங்கினனான். இண்டைக்கு ஒருக்காக் குளிச்சிட்டு வாறன்" என்றார். நான் பகிடி என்று நினைத்தேன். பார்த்தால், தங்கராசு துவாயோடு முன்னால் பாதையில் இறங்கிக்கொண்டிருக்கிறார். நானும் பின்னால் இறங்கிப் போய்க் கரையில் நின்றேன்.

இவர் முழங்காலளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஒரு கையால் தங்கராசுவையும் மறுகையால் பாறையையும் பிடித்துக்கொண்டு முதல் முழுக்குப் போட்டார். எழும்பியவர் ஓவென்று கத்தினார். முப்பத்தொரு வருடத்தில் இவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. என்னைக் கூப்பிட்டுக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன், ஆனால் இவரைப் பார்த்துக்கொண்டு அல்ல. என் கண் மேலே, மலை முகட்டில் இருந்தது. வெள்ளையாக ஒரு துணுக்கு முகில் கிடந்தது. அது கறுக்கிறதா, அந்த இடத்திலேயே நிற்கிறதா, இறங்குகிறதா? சருகு வருகிறதா? தண்ணீரின் சத்தம் கூடுகிறதா? கரையில் நிற்பவர்கள் சும்மாதான் நிற்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கசூரினாவில், நிலாவெளியில், நான் அலைக்குள் கும்மாளம் போட்ட இத்தனை வருடமும் இந்த மனுசன் என்ன வேலை பார்த்துக்கொண்டு நின்றார் என்று அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கிற்று.

இவர் இரண்டாவது முழுக்கும் போட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தங்கராசு மணியைக் காட்டினார். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று இவர் ஒரு விரலைக் காட்டினார். அவசரப்படாமல் ஆறுதலாகப் போடட்டும் என்றேன். முகடு முகில் இல்லாமல் வெளித்திருந்தது, ஆனாலும் இவர் கரையேறும்வரை நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.