நோவுது என்று சொல்லாத கை

இன்று காலை வாசலில் ஜோடி ஜோடியாக வைத்திருந்த செருப்புகளில் ஒன்று வாழை மரத்தடியில் கிடந்தது. வார் அறுந்திருந்தது. லீவுக்கு வந்த மகன், நான் தனியாக இருக்கக் கூடாதென்று ஒரு நாய்க்குட்டியை மடியில் போட்டுவிட்டு பெங்களூருக்கு ரயிலேறிவிட்டான். அவன் அப்பா மஸ்கட்டில். செருப்பை எடுக்கக் குனிந்தபோது குட்டி என் மணிக்கட்டைக் கவ்வியது. ஊசி ஊசியாகப் பற்கள். இந்த வயதில் இது எனக்குத் தேவையா என்று தோன்றியது. ஆனால் அதன் வாயிலிருந்து வந்த புளித்த பால் வாடை முகத்தில் பட்டதும் கையை இழுக்காமல் அப்படியே நின்றேன். இழுத்தால் அதற்கு அது விளையாட்டு. அதை எனக்குத் தெரியவைத்தது வேறொரு குட்டி.

அவள் பெயர் மாளு. அப்போது நான் தனுவச்சபுரம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவள் கடித்துத் தொங்கிய தாவணி ஓரத்தை எவ்வளவு ஒழுங்காக மடித்துச் செருகினாலும் பஸ்ஸில் யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். துடைப்பத்தை ஓங்கினால் துடைப்பத்தையே பிடித்து இழுப்பாள். கொடியில் காய்ந்த ரப்பர் ஷீட்டையும் விடவில்லை. சத்தமாக ஒருமுறை 'நோவுது' என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் மட்டும் விட்டுவிடுவாள். உடனே தேங்காய் உரித்த மட்டை, எங்கள் ஊரில் தொண்டு, ஒன்றைப் போட்டால் அதைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். இப்படியே எங்கள் மேல் அவள் பல் மெல்ல மெல்ல மிருதுவானது.

அப்பாவின் இடது கையில் மட்டும் மிருதுவாகவில்லை. ஆபீஸில் வேலை பார்த்த அவருக்கு, பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு திரும்பியிருந்தது. இடது கை திரும்பவில்லை. அசையாது, தொட்டாலும் தெரியாது. தினமும் அதைப் பார்த்து, வலது கையால் தடவி, தூக்கிப் பழக வேண்டும் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். அப்பா அதன் மேல் ஒரு தோர்த்துத் துண்டைப் போட்டு மூடிவைத்தார். சாப்பிடும்போதுகூட அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். மாளு தோர்த்துக்கு அடியில் மூக்கை நுழைத்து அந்த விரல்களை மெல்லுவாள். தோர்த்தில் ரத்தக் கறை தெரிந்த பிறகுதான் நாங்கள் ஓடுவோம்.

நோயாளியைக் கண்டால் மாளுவுக்கு ஆகாது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

"இனி ஒரு தடவ சோர கண்டா இவள அம்பூரிக்கு ஏத்தி விட்டுருவேன், பாத்துக்கிடுங்க."

அம்பூரியில் அம்மாவின் தம்பிக்கு ரப்பர் தோட்டம் இருந்தது. அங்கே நாய்கள் சங்கிலியில்தான் வளரும். அப்பா அன்று மாளுவுக்குத் தன் தட்டிலிருந்து மீன் எடுத்துவைத்தார். நோய் வந்தபின் அவர் தானாக அருகில் அழைத்த ஒரே உயிர் அவள்தான்.

மறுபடியும் கறை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ஜீப் வந்து நின்றது. அம்மா கயிற்றை எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"அத்தானுக்க கைதான் இவளுக்குப் பிடிச்சிருக்கு. ஆபீசு கையாக்கும், வெறும் எல்லும் தோலுந்தான் உண்டு" என்றார் மாமா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கைகளெல்லாம் அவளிடம் நோவுது என்று சொல்லியிருக்கின்றன. அந்தக் கை சொல்லவே இல்லை.

"அப்பா, அந்தக் கை சொல்லாதுல்லா. நீங்க சொல்லுங்க."

அப்பா தோர்த்தை எடுத்து மாமாவிடம் நீட்டினார். வெளிறிப்போன அந்தக் கையைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாளு வந்து கவ்வினாள்.

"நோவுது" என்றார் அப்பா. அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

"சத்தமா சொல்லும் அத்தான். லீவு கேக்குறமாதிரி சொன்னா பட்டிக்குட்டிக்கு எப்படி கேக்கும்?"

அப்பா கத்தினார். அவருக்குள் அவ்வளவு குரல் மிச்சம் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. மாளு சட்டென்று விட்டுவிட்டுப் பின்வாங்கினாள். அப்பா வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். அடுக்களையிலிருந்து அம்மா கையில் அகப்பையோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், தோர்த்து இல்லாத கையைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அன்று ஜீப் கயிற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

மாளு அன்றே திருந்திவிடவில்லை. அப்பா தினமும் கையைத் திறந்துவைத்து, பார்த்துக்கொண்டே இருந்து, பல் பட்டதும் கத்துவார். கடைசி வரை அதில் உணர்ச்சி வரவில்லை. ஆனால் தோர்த்து பழையபடி தோளுக்குப் போய்விட்டது. அவர் கத்தும்போதெல்லாம், அது குட்டிக்காகச் சொல்லும் பொய் என்று தெரிந்திருந்தும், அம்மா ஒருமுறையாவது நிலைப்படி வரை வந்து பார்க்காமல் இருந்ததில்லை. பால் பொங்கி வழிந்த நாட்களிலும் வந்தாள்.

இன்று நானும் சத்தமாக, "நோவுது" என்றேன். குட்டி விட்டுவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். திருப்பிய பக்கத்தில், திறந்திருந்த வாசல் வழியே, ஆளில்லாத அடுக்களை நிலைப்படி தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தொண்டு தேடப் போனேன்.