கல்வெட்டில் விடுபட்ட அக்கா

வம்சாவழி தேடி யாழ்ப்பாணம் போகிறவர்கள் இப்போது என்னிடமும் வழி கேட்கிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு இது பெரிய பதவி. உண்மையில் நான் அப்படிப் போனது ஒரே ஒரு முறைதான். 1986இல், எங்கள் தகப்பனார், ஐயா, காலமாகி இரண்டு கிழமைக்குப் பிறகு.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு. அன்றைக்குக் கொடுக்கிற கல்வெட்டில், அதாவது செத்தவரின் வரலாறும் வம்சாவழியும் போட்ட சின்னப் புத்தகத்தில், ஐயாவின் அப்பாச்சி பெயர் வேண்டியிருந்தது. பழைய காணி உறுதிப் பத்திரத்தில் அது இருந்தது. உறுதியைக் கறையான் தின்றுவிட்டது. அதை முன்பு ஐயாவுக்கு வாசித்துக் காட்டியவ என் அக்கா மகேஸ்வரி. குருநகரில் ஒரு கத்தோலிக்க மீனவரைக் கட்டிப் பதினொரு வருசம். ஐயா ஒதுக்கினார், நாங்களும் ஒதுங்கினோம்.

காலை 6.40க்கு எங்கள் ஊர் அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மினிபஸ். பதினாறு கிலோமீற்றர், நாலு ரூபாய். கோட்டையில் ஆமி முகாம் இருந்த காலம். "அண்ணை, கோட்டைப் பக்கம் போகாதேங்கோ, உள்ளாலை சுத்திப் போங்கோ" என்றார் கொண்டக்டர். அரை மணி நடை. வழி பிழைத்தால், என்னைப் போல, முக்கால் மணி.

அக்கா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"ஐயா போனதைச் சந்தையிலை கேள்விப்பட்டன். நீ ஏன் வந்தனீ?"

சொன்னேன்.

"பேருக்கோ வந்தனீ? நான் என்னைப் பாக்க எண்டெல்லோ நினைச்சன்." கையைக் கழுவித் தேத்தண்ணி தந்தா. "வள்ளியம்மை. எழுது. ஓமடா, அந்தக் கல்வெட்டிலை நான் நிக்கிறனோ?"

நான் தேத்தண்ணியை ஊதினேன்.

"அது ஆறிப் போச்சடா தம்பி" என்றா.

அச்சகத்தில் வள்ளியம்மையை மட்டும்தான் சொன்னேன். பக்கத்தில் பெரியண்ணை நின்றார். கோழையாக இருக்கப் படிப்பு ஒன்றும் தேவையில்லை.

அந்தியேட்டியன்று காலை சாம்பலைக் கடலில் கரைத்த பிறகு எல்லாரும் கேணியில் முழுகப் போனார்கள். நான் கல்வெட்டுக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐயாவின் பிள்ளைகளுக்குள் 'மகேஸ்வரி' என்று பேனாவால் எழுதத் தொடங்கினேன். அறுபத்து மூன்றாவதில் பெரியண்ணை ஈர வேட்டியோடு வந்தார்.

"என்னடா செய்யிறாய்? ஐயா கண்டால்?"

"ஐயாவை இப்பத்தானே அண்ணை கடலிலை கரைச்சனாங்கள்."

அவர் எழுதினதைக் கிழிக்கவில்லை. எழுதாத கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சனத்துக்குக் கொடுத்தார். நான் எழுதின மிச்சத்தைக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறமுன் ஊருக்குள் போய்விடுங்கள். வயதானவர்கள் மத்தியானம் படுத்துவிடுவார்கள். கல்வெட்டு பெரும்பாலும் றங்குப்பெட்டிக்கு அடியில் கிடக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் ஒரு வீட்டுப் பிரதியை வைத்து வம்சாவழி எழுதிவிடாதீர்கள், மூன்று நாலு வீட்டிலாவது பாருங்கள். எங்கள் ஊரில் அறுபத்து மூன்று வீடுகளில்தான் அக்கா ஐயாவுக்குப் பிறந்தவ.